திரையில் பார்த்துத் திருப்புவிசையைக் கற்கலாகுமா?

பௌதிகம் போன்ற ஒரு சாஸ்திரத்தைக் கேட்டும் பார்த்தும் மட்டுமே கற்றுவிடலாமா, அல்லது கையால் தொட்டு, தானே கணக்கிட்டு, தடுமாறி எழுந்த பின்னரே அது மனத்தில் நிலைக்குமா என்ற வினா இணையத்தோடு பிறந்ததன்று. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விரிவுரைகள் தொடங்கிய நாளிலும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1958-இல் விடியற்காலைப் பௌதிக வகுப்பு ஒளிபரப்பான நாளிலும், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை யாவரும் இலவசமாகக் காண இணையத்தில் வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்த நாளிலும் அது வெவ்வேறு வடிவில் எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் உற்சாகமான விடை முந்திக்கொண்டு வந்தது. ஐயம் கலந்த விடை சற்றுத் தாமதித்து வந்து சேர்ந்தது.

வினாவைப் பொதுவாக வைத்துக்கொண்டு விவாதித்தால் இருதரப்பாரும் சலிப்பின்றி வாதித்துக்கொண்டே இருக்கலாம் என்பது இதுவரையிலான அநுபவம். ஆகையால் இக்கட்டுரை பௌதிகத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. காந்தப்புலத்தில் வைத்த மின்னோட்டச் சுருளின் மேல் செயற்படும் திருப்புவிசையும், அச்சுருளின் காந்த இருமுனைத் திருப்புத்திறனும் இணைய விரிவுரைகளில் பெரும்பாலும் ஒரே அமர்வில் சொல்லி முடிக்கப்படுகின்றன. பாடம் சிறியது, கரும்பலகையில் அழகாக நிறைவு பெறுவது, பார்த்து முடித்தவுடன் விளங்கிவிட்டது என்ற திருப்தியைத் தருவது. அந்தத் திருப்தி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பாடத்தின் இயல்பு

செவ்வகமான கம்பிச் சுருள் ஒன்றைச் சீரான காந்தப்புலத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், சுழலச்சுக்கு இணையாக உள்ள இரண்டு பக்கங்களின் மேல் சமமான, எதிரெதிரான விசைகள் தோன்றுகின்றன. அவற்றின் கூட்டுப்பலன் சுழியே. ஆயினும் அவை ஒரே நேர்கோட்டில் அமையாமையால் சுருளைத் திருப்புகின்றன. மற்ற இரு பக்கங்களின் விசைகள் சுருளை அச்சின் வழியே விரிக்கவோ நெருக்கவோ முயலும். திருப்புவதில் அவற்றுக்குப் பங்கில்லை. சுற்றுகளின் எண்ணிக்கை, மின்னோட்டம், பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கலை இருமுனைத் திருப்புத்திறன் என்று வகுத்து, சுருளின் தளத்துக்குச் செங்குத்தான திசையை அதற்குக் கொடுத்துவிட்டால், திருப்புவிசை என்பது அத்திறனுக்கும் புலத்துக்கும் உள்ள வெக்டர் பெருக்கலாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தச் சுருக்கத்தில் எத்தனை இடறல்கள் அடங்கியுள்ளன என்பதை ஒரு கணக்கினால் காணலாம். நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர், சுற்றுகள் 100, மின்னோட்டம் 0.5 ஆம்பியர் எனக் கொண்டால் திருப்புத்திறன் 0.25 ஆம்பியர்-சதுர மீட்டர் ஆகிறது. புலம் 0.2 டெஸ்லா என்றால், பெரும அளவான திருப்புவிசை 0.05 நியூட்டன்-மீட்டர். இதுவரை தொல்லையில்லை. சுருளின் தளம் புலத்தோடு 30 பாகை சாய்ந்திருக்கும்போது திருப்புவிசை எவ்வளவு என்று கேட்டால், விரிவுரையை முழுதும் கவனித்தவரும் சூத்திரத்தில் 30 பாகையையே இட்டு 0.025 என்று எழுதிவிடக் கூடும். சூத்திரத்துக்கு வேண்டிய கோணம் தளத்துக்கும் புலத்துக்கும் இடைப்பட்டதன்று, தளத்தின் செங்குத்துக்கும் புலத்துக்கும் இடைப்பட்டது. அது 60 பாகை. விடை ஏறக்குறைய 0.043. சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் சுழியாக இருக்கும் நிலையிலேதான் திருப்புவிசை உச்சத்தை அடைகிறது என்பதும் இதே உண்மையின் மறுபக்கம்.

ஆகவே இந்தச் சிறு பாடத்துள் தன்மையால் வேறுபட்ட மூன்று அறிவுகள் இருக்கின்றன என்று கொள்ளலாம். ஒன்று, திசையைப் பற்றிய அறிவு: முப்பரிமாண வெளியில் எது எதற்குச் செங்குத்து, சுருள் எப்பக்கம் திரும்பும் என்பது. இரண்டாவது, உருவகத்தைப் பற்றியது: மின்னோட்டச் சுருளும் சட்டகாந்தமும் எவ்வாறு ஒன்றேபோல் நடந்துகொள்கின்றன என்பது. மூன்றாவது, எல்லையைப் பற்றியது: சீரான புலம் இருமுனையைத் திருப்புமேயன்றி இழுத்துச் செல்லாது என்பதும், அதன் ஆற்றலுக்கு எழுதும் சூத்திரம் எதுவரை செல்லும் என்பதும்.

மூன்றாவதன் முதற்பாதி பழைமையானது. லண்டனில் திசைகாட்டிகள் செய்துவந்த ராபர்ட் நார்மன் 1581-இல் வெளியிட்ட நூலில், தக்கையில் செருகி, மேலெழாமலும் ஆழ்ந்துவிடாமலும் நீரினுள் நிற்கும்படி சரிசெய்த காந்த ஊசி, தன் நிலைக்குத் திரும்பிச் சாய்கிறதேயன்றி எத்திசையிலும் நகர்ந்து செல்வதில்லை என்று காட்டினார். விசைக்கும் திருப்புவிசைக்கும் உள்ள வேற்றுமையைக் கணிதச் சொல் ஒன்றும் இல்லாமலே ஒரு கைவினைஞர் கோப்பை நீரில் கண்டுவிட்டார் என்பது, பின்வரும் விவாதத்தில் நினைவில் வைக்கத்தக்கது.

காட்சியே கல்வி என்போர்

இக்கொள்கையின் மூதாதையர் பாரடேயும் அவருக்கு முற்பட்ட செய்முறை விரிவுரையாளர்களும் ஆவர். கண்ணெதிரே நிகழும் பிரத்தியட்சம் நூறு பக்கங்களினும் வலியது என்பது அவர்கள் துணிபு. எடிசன் 1913-இல் பேட்டியொன்றில், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும், திரைப்படமே மனித அறிவின் எல்லாக் கிளைகளையும் கற்பிக்கும் என்று ஆரூடம் சொன்னார். ஆரூடம் பலிக்கவில்லை, ஆசை மட்டும் அழியவில்லை. ஸ்புட்னிக்குக்குப் பின் வந்த பரபரப்பில், பெர்க்லி பேராசிரியர் ஹார்வி வைட் நாடெங்கும் காலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியில் பௌதிகம் நடத்தினார். கால்டெக் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டைன் 1985-இல் கணினிச் சித்திரங்கள் நிறைந்த 52 பகுதிகளை வழங்கினார். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை 1984-இல் தூர்தர்ஷனில் தொடங்கியது, ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்னும் பாடப்பதிவுத் திட்டம் 2003-இல் தொடங்கியது. தமிழகக் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்து, அடுத்த ஆண்டே பள்ளிகள் மூடப்பட்டபோது பெரும் பொறுப்பைத் தாங்க நேர்ந்தது.

இக்கொள்கையாரின் பலம் வெளிப்படையானது. காந்தப்புலம் கண்ணுக்குப் புலனாகாத ஒன்று. சித்திரம் அதைப் புலனாக்குகிறது. ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூர்க் கல்லூரி மாணாக்கனுக்கும் தலைசிறந்த ஆசிரியர் கிடைக்கிறார். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்; விளங்காததைத் திருப்பிக் கேட்கலாம். இருந்தும், காட்சி தானாகவே கற்பித்துவிடும் என்ற அடிப்படைத் துணிபு ஆராய்ச்சியில் அவ்வளவாக நிலைபெறவில்லை. ஹார்வர்டில் எரிக் மசூரும் அவர் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், செய்முறைக் காட்சியை வெறுமனே பார்த்த மாணாக்கர், அதைப் பாராதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக விளங்கிக்கொள்ளவில்லை என்றும், என்ன நிகழும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களே பயனடைந்தனர் என்றும் கண்டனர்.

இந்த முடிவுக்கு இருநூறு ஆண்டுப் பழைமையான முன்னுதாரணம் உண்டு. கோபன்ஹேகனில் 1820-ஆம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில், மின்னோட்டம் சென்ற கம்பியின் அருகே திசைகாட்டியின் ஊசி அசைந்ததை ஒயர்ஸ்டெட் கண்டார். மின்னோட்டத்தால் விளைந்த திருப்புவிசை சபை நடுவே வெளிப்பட்ட தருணம் அது. விளைவு மிக மெல்லியதாக இருந்தமையால் அவையோர் மனத்தில் அது பெரிதாகப் பதியவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். எதிர்பார்ப்போடு நோக்கிய ஒருவருக்கு அது புதிய சாஸ்திரம். மற்றவர்களுக்கு ஓர் ஊசியின் நடுக்கம்.

திசையைக் கற்பிப்பதில் திரைக்கே உரிய வேறோர் இடையூறும் உண்டு. சில இணைய ஆசிரியர்கள் ஒளியூட்டிய கண்ணாடிப் பலகையின் பின்னால் நின்று அதன்மேல் எழுதுகிறார்கள். எழுத்து நேராகத் தெரிவதற்காகப் படத்தை இடம்வலமாக மாற்றி வெளியிடுவது இம்முறையின் வழக்கம். அப்போது ஆசிரியர் வலக்கை விதியை விளக்க உயர்த்தும் வலக்கை, பார்ப்பவனுக்கு இடக்கையாகத் தெரிகிறது! இதை அறிந்த ஆசிரியர் வேண்டுமென்றே இடக்கையை உயர்த்துகிறார். அறியாதவர் வெக்டர் பெருக்கலின் குறியையே தலைகீழாக்கிவிடுகிறார். இவ்விடையூறு எளிதில் நீக்கத்தக்கதே. ஆனால் தட்டையான திரை முப்பரிமாணத் திசையறிவுக்கு எவ்வளவு வழுக்கலான நிலம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விரிவுரையை ஐயுறுவோர்

இரண்டாவது தரப்பின் வாதத்துக்கு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஒரே பாடம் இருபுறமும் சாட்சி சொல்வது விந்தையானது. அங்கு 8.02 என்ற எண்ணால் வழங்கும் மின்காந்தவியல் பாடத்தை வால்டர் லூயின் நடத்த, அவ்விரிவுரைகள் 2002-இல் ஒளிப்பதிவாயின. பின்னர் இணையத்தின் வழியே உலகெங்கும் எண்ணற்றோர் அவற்றால் மின்சுருளின் திருப்புவிசையை அறிந்தனர். அதே காலத்தில், அதே பாடத்தில், அதே கழகம் தன் சொந்த மாணாக்கருக்குப் பெரிய விரிவுரையை விலக்கிவிட முனைந்திருந்தது. பருவ இறுதிக்குள் வருகை பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, தோல்வியுறுவோர் தொகை மிகுதியாக உள்ளது என்ற இரு காரணங்களைச் சொல்லி, ஜான் பெல்ச்சர் என்ற பேராசிரியர் 2001-இல் புதிய முறை ஒன்றைச் சிறு அளவில் சோதித்தார். 2003-இல் அது முழு வகுப்புக்கும் விரிந்தது. மாணாக்கர் வட்ட மேசைகளைச் சுற்றிச் சிறு குழுக்களாக அமர்ந்து, காந்தப்புலத்தின் அசையும் சித்திரங்களைக் கண்டு, சாதனங்களைத் தாமே இயக்கி, வினாக்களுக்கு விடை கண்டனர். உலகம் விரும்பிப் பார்த்த விரிவுரையை அதன் தாய்வீடு கைவிட்டது என்று சொல்வது சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் முழுதும் தவறன்று.

பெல்ச்சரும் யெஹுடிட் டோரியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, புதிய முறையில் பயின்றவர்கள் மின்காந்தவியல் கருத்துகளில் கூடுதலான முன்னேற்றம் பெற்றனர் என்று காட்டியது. மாணாக்கர் ஒரு சாரார் இம்முறையை எதிர்த்து விண்ணப்பம் எழுதினர் என்பதும் அதே அளவு உண்மை. கற்றவரே எதிர்க்கும் முறை எங்ஙனம் சிறந்ததாகும் என்ற கேள்விக்கு, ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் சகாக்களும் 2019-இல் தந்த விடை சிந்தனைக்குரியது: தாமே முயன்று கற்றவர்கள் அதிகம் கற்றனர், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தனர், சீராக ஓடும் விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்று, நிறையக் கற்றதாக உணர்ந்தனர். விரிவுரையின் தெளிவு கேட்பவனின் தெளிவாக மயக்கம் தருகிறது போலும்.

இத்தரப்புக்குப் பெருந்தொகையான ஆதாரங்கள் உள்ளன. ரிச்சர்டு ஹேக் 1998-இல் 6,542 மாணாக்கரின் மதிப்பெண்களைத் தொகுத்துக் காட்டினார். ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் 225 ஆய்வுகளைத் திரட்டி, மரபு விரிவுரைகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், ஈடுபாட்டு முறைகளில் 21.8 சதவீதம் என்று கணக்கிட்டனர். எண்கள் வலியன, ஆனால் அவற்றை நம் பொருளுக்கு அப்படியே கொண்டுவருவதில் தயக்கம் வேண்டும். ஹேக் அளந்தது இயந்திரவியல் அறிவை. அங்கு வெக்டர் பெருக்கலும் கண்ணுக்குப் புலப்படாத புலமும் இல்லை. ஃப்ரீமன் ஒப்பிட்டது உயிருள்ள வகுப்பறைகளை. நிறுத்தவும் திருப்பவும் கூடிய பதிவை அன்று. பெல்ச்சரின் முறையிலோ மேசை, சித்திரம், சாதனம், குழு, மதிப்பெண் முறை எல்லாம் ஒருசேர மாறின. பயன் எதனால் விளைந்தது என்று பிரித்துக் கூறுவது கடினம்.

பதிவையே நேரடியாக ஆராய்ந்தவர்களும் உளர். ஃபிலிப் குவோவும் சகாக்களும் 2014-இல், எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, படம் எவ்வளவு நீளமாயினும் பார்வையாளர் ஈடுபடும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்றனர். நிமிடக் கணக்கு ஈடுபாட்டின் அளவேயன்றி அறிவின் அளவன்று என்பதை இங்கு மறந்துவிடலாகாது. சிட்னியில் டெரெக் முல்லர் 2008-இல் கண்டது இன்னும் ஆழமானது: தெளிவாகவும் நேராகவும் விளக்கிய பௌதிகப் படம் மாணாக்கருக்குப் பிடித்திருந்தது, ஆனால் அவர்கள் விடைகளை அதிகம் திருத்தவில்லை, மாணாக்கரின் தவறான அபிப்பிராயங்களையே முதலில் எடுத்துப் பேசி மறுத்த படம் குழப்பமாகத் தோன்றியது, ஆனால் கூடுதலாகக் கற்பித்தது. 30 பாகையை இட்டுத் தவறிய விடையை முதலில் எழுதிக்காட்டும் விரிவுரையாளர் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்க்கலாம்.

சாதனம் பொருட்டன்று என்போர்

ரிச்சர்டு கிளார்க் 1983-இல் இவ்விருவர் பூசலையும் வெட்டி ஒதுக்க முயன்றார். கற்பிக்கும் சாதனம் சரக்கு ஏற்றிவரும் வண்டியே. மளிகையைக் கொண்டுவந்த வண்டி உண்பவனின் போஷணையை மாற்றாததுபோல், திரையோ புத்தகமோ கல்வியை மாற்றாது, மாற்றுவது முறையே என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா 1991-லும் 1994-லும் மறுத்தார்: சில சாதனங்களுக்கே உரிய ஆற்றல்கள் உண்டு, அவற்றை முறையிலிருந்து பிரிக்க இயலாது என்றார். காந்தப் பாடத்தைப் பொறுத்தவரை இருவரும் பாதி சரி என்றே தோன்றுகிறது. சுருள் சுழலும்போது புலக்கோடுகள் மாறுவதைக் காட்டுவது அச்சிட்ட பக்கத்துக்கு இயலாத காரியம். ஆனால் அதைக் காட்டுமுன் ஊகிக்கச் செய்வது எந்தச் சாதனத்துக்கும் இயலும். இவ்விவாதத்தை இதற்குமேல் நீட்டிப்பதில் பயனில்லை.

கையின் வழக்கு

நான்காவது கொள்கை, திருப்புவிசை உடலால் அறியப்பட வேண்டிய பொருள் என்கிறது. சிகாகோவைச் சேர்ந்த கார்லி கான்ட்ராவும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்த மாணாக்கர், பிறர் சாய்ப்பதைப் பார்த்தவர்களைவிடத் திருப்புவிசையையும் கோண உந்தத்தையும் பற்றிய வினாக்களில் சிறந்து விளங்கினர். விடையளிக்கும்போது மூளையின் புலனியக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயற்பட்டன என்பதும் தெரியவந்தது. நம் பொருளுக்கு மிக நெருங்கிய சான்று இதுவே. ஆனால் அது இயந்திரவியல் திருப்புவிசை. காந்த இருமுனையில் கை உணர்வது சுருளின் முறுக்கத்தை மட்டுமே, மின்னோட்டத்தையோ புலத்தையோ அன்று. மேலும், கையின் மேன்மை எங்கும் செல்லுபடியாவதன்று. நோவா ஃபிங்கல்ஸ்டைனும் கொலராடோ குழுவினரும் 2005-இல், மின்சுற்றுகளைக் கணினிப் பாவனையில் அமைத்துப் பழகியவர்கள், மெய்யான கம்பியும் விளக்கும் கொண்டு பழகியவர்களை விஞ்சினர் என்று காட்டினர். பாவனையில் மின்னணுக்கள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது, கம்பியில் தெரியவில்லை.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்கேஃபும் ஆண்ட்ரூ ஹெக்லரும் 2010-இல், இயங்கும் மின்னூட்டத்தின் மேல் காந்தவிசையின் திசையைக் கேட்டபோது, பாடம் நடத்துமுன் மாணாக்கர் பலர் காந்த முனைகளை மின்னூட்டங்கள் போலவே எண்ணிக்கொண்டனர் என்றும், பாடத்துக்குப் பின் அப்பிழை குறைந்தும் குறி மாறும் பிழைகள் நீடித்தன என்றும் கண்டனர். இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வெவ்வேறாகத்தான் இருக்க வேண்டும். முதலாவதற்கு நல்ல விளக்கம் போதும் போலத் தெரிகிறது. இரண்டாவது பழக்கத்தின் குறை. கேட்பதால் தீர்வது அரிது.

விடாது நிற்கும் ஆற்றல் வினா

மேற்சொன்ன நான்கு தரப்பும் அநேகமாகத் தொடாத ஓர் இடம் உண்டு. காந்தவிசை இயங்கும் மின்னூட்டத்தின் வேகத்துக்கு என்றும் செங்குத்தாதலால் அது வேலை செய்யாது என்று விரிவுரையின் முற்பகுதியில் சொல்லப்படுகிறது. பிற்பகுதியில் அதே காந்தப்புலம் சுருளைத் திருப்பி இயக்க ஆற்றலைத் தருகிறது; மோட்டார் சுழல்கிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? சுருள் திரும்பும்போது அதனுள் எதிர் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அதை எதிர்த்து மின்னோட்டத்தை மாறாமல் காக்கும் மின்கலமே அந்த வேலையைச் செய்கிறது. ஃபெயின்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் நிகழ்த்திய விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியில் இதைப் பொறுமையாக எடுத்துரைத்து, இருமுனையின் ஆற்றலுக்கு எழுதும் வழக்கமான சூத்திரம் இயந்திர ஆற்றலுக்குரியதேயன்றி மொத்த ஆற்றலன்று என்று பிரித்துக் காட்டினார். அவ்விரிவுரைகள் 2013 முதல் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. தம் போதனை மாணாக்கரிடம் எவ்வளவு பலித்தது என்பதில் முன்னுரையில் அவரே நம்பிக்கை குன்றிப் பேசியிருப்பது, புகழ்பெற்ற விரிவுரைகளைப் பற்றிய எந்த மதிப்பீட்டிலும் இடம்பெற வேண்டிய செய்தி.

அதற்கு அப்பாலும் வினா நீள்கிறது. வெள்ளி அணுக்கற்றை இரண்டாகப் பிரிந்ததை ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922-இல் கண்டனர். அப்பிரிவுக்குக் காரணமான எலக்ட்ரானின் திருப்புத்திறன் எந்தக் கம்பிச் சுருளாலும் ஆனதன்று என்பது 1925-க்குப் பின் தெளிவாயிற்று. அத்திறனைச் சிறு மின்னோட்ட வளையமாகக் கருதுவதா, காந்த முனைகளின் இணையாகக் கருதுவதா என்பதற்கு வெளியே உள்ள புலம் விடை சொல்லாது, உட்புலம் சொல்லும். ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் கதிர்வீச்சின் அளவு வளைய உருவகத்துக்கே சார்பாக நிற்கிறது என்று ஜாக்சன் 1977-இல் விளக்கினார். இத்தகைய நுட்பத்தைக் கையால் தொட்டு அறிய வழியில்லை. அசையும் சித்திரமும் அதிகம் உதவாது. மெதுவான வாசிப்பும் வாதப் பிரதிவாதமும்தான் வழி போலும்.

இன்னும் தீராதவை

எனவே, திரையில் கற்கலாமா என்று ஒரே மூச்சில் கேட்பதே பிழைக்கு இடமளிக்கிறது என்பது இவ்வாய்வு சார்ந்து நிற்கும் அபிப்பிராயம். உருவக அறிவுக்கு இணைய விரிவுரை நல்ல துணை என்பதற்குப் போதிய காரணம் இருக்கிறது. திசையறிவுக்கு அது தனித்து நின்றால் குறைபடுகிறது. எல்லையறிவின் நுட்பமான பகுதிக்கு அது பெரும்பாலும் போதாது. எனினும் அந்தக் குறை திரைக்கு மட்டும் உரியதன்று, நேரில் நிகழ்த்தும் விரிவுரையும் அதைப் பகிர்ந்துகொள்கிறது.

இந்த நிர்ணயத்துக்கும் வரம்புகள் உண்டு. மேற்கோள் காட்டிய ஆய்வுகளுள் காந்த இருமுனையையே தனித்துப் பார்த்தது ஒன்றும் இல்லை. இயந்திரவியலிலிருந்தும் மின்சுற்றிலிருந்தும் மின்னூட்டத்தின் மேலான விசையிலிருந்தும் ஒப்புமையால் இங்கு கொண்டுவரப்பட்டவையே பல. ஆய்வுக்கு உட்பட்டோர் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணாக்கர்; தமிழ்க் குரலில் விளக்கமும் ஆங்கில எழுத்தில் கரும்பலகையும் கொண்ட பதிவைப் பார்க்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவர்கள் கண்டது எவ்வளவு பொருந்தும் என்பது தனியே அளக்கப்பட வேண்டியது. அதைவிடக் கூர்மையான வினா ஒன்றும் உண்டு. சுருள் எப்பக்கம் திரும்பும் என்று கேட்டுப் பதிவை நிறுத்தி, விடையைத் தாளில் எழுதச் செய்து, பின்னரே சுருளைச் சுழல விட்டால், அவ்வூகிப்பு கையால் முறுக்கிப் பார்ப்பதற்கு ஈடாகுமா, அல்லது கைக்குரிய அறிவு ஒன்று அப்போதும் எஞ்சி நிற்குமா என்பது இன்னும் நிறுவப்படாதிருக்கிறது. ஒரே பதிவு, ஒரு சுருள், இரண்டு குதிரைலாடக் காந்தங்கள், இரு குழுக்கள் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் இதைச் சோதிக்கலாம்.